இரண்டு விரல் தாழ்த்திய கார்

வண்டிக்குக் காற்று இறங்கிவிட்டதா என்று என்னிடம் கேட்டவர்களை வரிசையாக நிறுத்தினால் ராமநாதபுரத்தில் தொடங்கிப் பாம்பன் பாலம் வரைக்கும் நிற்பார்கள். பெட்ரோல் பங்க்கில் கேட்டார்கள். டீக்கடையில் கேட்டார்கள். உள்ளே என்ன லோடு, உப்பு மூட்டையா என்று ஒருவர் குனிந்து டிக்கியையே உற்றுப் பார்த்தார். காற்றும் இறங்கவில்லை, லோடும் ஏற்றவில்லை, காரை நானாகத்தான் இறக்கியிருக்கிறேன் என்று சொன்னால் ஒரு பார்வை பார்ப்பார்கள். பைத்தியக்காரனைப் பார்க்கிற பார்வையாக இருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பாவம், யாரோ இவனை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள் என்கிற பார்வை அது. அதைக் கண்டால் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரியும்.

நான் கோபக்காரன். மண்டபத்திலும் பாம்பனிலும் ஐஸ் கம்பெனிகளில் கம்ப்ரசர் பழுது பார்ப்பது என் தொழில். மீன் லாரி வாசலில் நிற்கும்போது ஐஸ் உறையவில்லை என்றால் முதலாளி தொடங்கிப் பெட்டி தூக்குகிறவர் வரை என்னைத்தான் திட்டுவார்கள். பதிலுக்கு நானும் திட்டுவேன். திட்டிக்கொண்டே வேலையை முடித்துக் கொடுத்துவிடுவேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் பிழைப்பு ஓடியது.

கையில் கொஞ்சம் சேர்ந்ததும் கோயம்புத்தூரில் ஒருவரிடம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினேன். இரண்டே கதவு, மழுங்கிய சிவப்பு. கல்யாண வயதைத் தாண்டிக்கொண்டிருப்பவன் எதற்கு இரண்டு பேர் மட்டும் உட்காருகிற காரை வாங்கினான் என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்குக் கேட்டார்கள். என் காசு, என் ஆசை, உங்களுக்கு என்ன வந்தது என்று கேட்டேன். அதோடு இரண்டு வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது.

அந்தக் காரில் எனக்கு ஒரே ஒரு குறைதான். டயருக்கும் அதற்கு மேலே இருக்கும் வளைவுக்கும் நடுவில் நாலு விரல் தாராளமாகப் போகும். முன்பு வைத்திருந்தவர் நம் ஊர் ரோட்டுக்கு ஏற்ற மாதிரி உயரத்தைக் கொடுத்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கப் போகிறவர் மாதிரி வண்டி நிற்கும். வளைவில் திருப்பினால் உடம்பு ஒரு பக்கம் சாயும். குட்டையான, விறைப்பான ஸ்பிரிங்குகளை மாட்டினால் இரண்டும் தீரும் என்று படித்துத் தெரிந்துகொண்டு ஒரு செட் வரவழைத்தேன். பார்சலைப் பிரித்து நாலையும் கட்டில் மேல் நிறுத்திவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மாட்டிக் கொடுத்தவர் ராமநாதபுரத்தில் பட்டறை வைத்திருந்த ஒரு பாய். மற்ற பட்டறைகளில் இருக்கிற ஸ்பிரிங்கையே கேஸ் வைத்து ஒரு சுற்று அறுத்துவிடலாம் என்றார்கள். அறுத்த ஸ்பிரிங் என்றைக்காவது இடத்தை விட்டுத் துள்ளும், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் இவர்தான். ஸ்பிரிங்கை நெரித்துப் பிடிக்கும் இரும்புப் பிடியைப் போட்டு, மரை மரையாகத் தளர்த்தி, பழையதை எடுத்துப் புதியதை வைத்தார். முடித்துவிட்டுத் தரையில் இறக்கியதும் வளைவுக்குள் கையைக் கொடுத்துப் பார்த்தார். இரண்டு விரல்தான் போனது. பழைய ஸ்பிரிங் நாலையும் ஒரு சாக்கில் கட்டி டிக்கியில் வைத்தார்.

"தம்பி, பாலத்துல ஓட்ட இது தங்கம். ஊர்ப்பக்கம் போறதா இருந்தா முந்துன நாள் இங்க வாங்க, பழச மாட்டித் தாரேன். அரை நாள் வேல, அவ்வளவுதான்."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அவர் சொன்னதில் பாதி உண்மையை மறுநாளே பார்த்தேன். காலை வெயிலில் பாம்பன் பாலத்தில் ஏறியபோது கார் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு போனது. பாலத்தின் ஒவ்வொரு இணைப்பும் என் முதுகில் தட்டியது. வலிக்கத்தான் செய்தது, ஆனால் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்பும் பின்பும் எனக்கு வாய்க்கவில்லை. தங்கச்சிமடத்தில் திரும்பி மறுபடி ஒரு தடவை பாலத்தைக் கடந்தேன். அன்றைக்கு வேலைக்குத் தாமதமாகப் போய் நாலு பேரிடம் திட்டு வாங்கினேன், பதிலுக்குத் திட்டவில்லை.

என் சொந்த ஊர் முதுகுளத்தூருக்கும் கடலாடிக்கும் நடுவில். வானம் பார்த்த பூமி. மழை ஏமாற்றிய வருஷங்களில் கொள்ளுதான் கைகொடுக்கும். தை பிறந்து கொள்ளுக் கொடியைப் பிடுங்கிக் காயப்போட்டதும் எங்கள் ஊரில் எல்லோரும் அதைத் தார் ரோட்டில் பரப்புவார்கள். பஸ், டிராக்டர், மினி லாரி எது வந்தாலும் அதன் மேல் ஏறித்தான் போக வேண்டும். சக்கரம் மிதித்து நெற்று உடைந்து கொள்ளு உதிரும். ஒதுங்கிப் போகிற டிரைவரைத்தான் திட்டுவார்கள். ஏறிப் போகிறவருக்குக் கும்பிடு போடுவார்கள்.

ஆனால் ரோடு ஒன்று, வீடு முப்பது. கண்மாய்ப் பாலத்தில் இருந்து புளியமரத்து வளைவு வரை யாருக்கு எவ்வளவு தூரம் என்று பங்கு வைக்க வேண்டும். பாலத்துப் பக்கம் நல்ல வெயில். வளைவில் மதியம் வரைக்கும் நிழல், கொடி காயவே காயாது. அந்தப் பங்கை வைத்தது என் அய்யா. தப்படி போட்டு அளப்பார். அவர் கால் விழுந்த இடத்தில் அந்தந்த வீட்டுக்காரர் ஒரு கல்லைத் தூக்கி வைத்துக்கொள்வார். எனக்கு விவரம் தெரிந்த நாளில் இருந்து அந்தக் கல்லை யாரும் நகர்த்திப் பார்த்ததில்லை. வளைவில் இருக்கும் நிழல் பங்கை அய்யா தனக்கே வைத்துக்கொள்வார். நிலத்திலும் பணத்திலும் அவர் பெரிய ஆள் இல்லை. ஊரில் அவருக்கு இருந்தது அந்த அளவு ஒன்றுதான்.

வண்டி வைத்திருக்கிற வீட்டுக்காரர்கள் தங்கள் கொடியில் தங்கள் வண்டியைத்தான் முதலில் ஏற்றுவார்கள். அது எங்கள் பக்கத்து ராசி. அய்யாவுக்கு வண்டியே கிடையாது. கொடியை விரித்துவிட்டு எவன் வண்டியாவது வராதா என்று வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் கார் வாங்கிய வருஷம் அவர் போனில் பேசியது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"ஏலே, எல்லாரும் அடிச்சு முடிக்கப் போறாக. நம்ம கொடிய நான் இன்னும் விரிக்கல. ஒன் வண்டி வந்து மொதல்ல ஏறட்டும்னு குமிச்சு வச்சிருக்கேன். ஞாயித்துக்கெழம வாரியா?"

வாரேன் என்று சொல்லிவிட்டேன். பாய் சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. போனால் அரை நாள் பட்டறையில் உட்கார வேண்டும். கழற்றியதை மறுபடி மாட்ட இன்னொரு அரை நாள். அதைவிட, இவ்வளவு நாள் எல்லோரிடமும் மல்லுக்கு நின்றுவிட்டு என் கையாலேயே காரைத் தூக்கி நிறுத்துவதா என்கிற ரோஷம். ஊர்க்காரர்கள் என் காரை அது எப்படி இருக்க வேண்டுமோ அப்படியேதான் பார்க்கட்டும் என்று கிளம்பினேன்.

வழியில் மூன்று வேகத்தடைகளில் அடி தட்டியது. நாலாவதில் ஒரு கிழவர் தன் ஆடுகளை நிறுத்திவிட்டு, சினை ஆடு மாதிரி வயிறு தரையில் இழுக்கிறதே என்று என் காதுபடச் சொன்னார். ஊர் எல்லைக்கு வரும்போது எனக்குத் தலைக்குள் கொதித்துக்கொண்டிருந்தது.

அய்யா எங்கள் பங்கில் கொடியை முழங்கால் உயரத்துக்கு விரித்து வைத்திருந்தார். மற்றவர்கள் அந்த உயரத்துக்கு விரிக்க மாட்டார்கள். மகன் வண்டி ஏறப்போகிறது என்கிற பெருமையில் வீட்டில் இருந்த மொத்தத்தையும் கொண்டுவந்து கொட்டியிருந்தார். பக்கத்துப் பங்கு எனக்கு அத்தை முறை ஆகிற ஒரு பெண்மணியுடையது. புருஷன் போன பிறகு தனி ஆளாக வெள்ளாமை பார்க்கிறவர். அவர் கொடியும் ரோட்டில் கிடந்தது. புளியமரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பேர் வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்தார்கள்.

அய்யா காரைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். டயருக்கு மேலே வளைவுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு அவ்வளவு பேர் முன்னாலும் நிதானமாக என்னிடம் கேட்டார்.

"ஏலே, ஏறுமா? ஏறாதுன்னா சொல்லிரு. பஸ்ஸு வரட்டும், ஒண்ணும் கொறஞ்சு போயிராது."

"ஏறும்" என்றேன்.

அந்த ஒரு சொல்லை எத்தனை தடவை திரும்பச் சொல்லிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கம்ப்ரசரில் எந்தக் குழாய் எவ்வளவு சூடாகும் என்பதைத் தொடாமலே சொல்லக்கூடியவன் நான். காரின் அடியில், சைலன்சருக்கு முன்னால், புகையைச் சுத்தம் செய்கிற டப்பா ஒன்று உண்டு. தூரம் ஓடி வந்த வண்டியில் அது அடுப்பு மாதிரி கொதிக்கும். தாழ்த்தாத காரிலேயே காய்ந்த செடி அதில் சிக்கினால் ஆபத்து. எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

முதல் தடவை ஏறி இறங்கியது. திரும்பி வந்து இரண்டாவது தடவை ஏறும்போது முன்பக்க பம்பர் கொடியை மிதிக்காமல் முன்னால் தள்ளிக்கொண்டே போனது. புளியமரத்தடியில் இருந்து ஒருவர், வண்டி ஏறுகிறதா, ரோட்டைக் கூட்டிப் பெருக்குகிறதா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அய்யாவும் சேர்ந்து சிரித்தார். நான் பேசாமல் ஓட்டிக்கொண்டு போயிருந்தால் தப்பித்திருப்பேனோ என்னவோ. பிரேக்கை மிதித்தேன். கொடிக்கு நட்ட நடுவில், இன்ஜினை அணைக்காமல், காரை நிறுத்திவிட்டு இறங்கிப் போய் அந்த ஆளிடம் சண்டை பிடித்தேன். என்ன பேசினேன் என்பது இப்போது ஞாபகம் இல்லை. உன் வீட்டில் மாட்டு வண்டி தவிர எதையாவது கண்டிருக்கிறாயா என்று கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அத்தை கத்திய சத்தம் கேட்டுத் திரும்பினேன். காருக்கு அடியில் புகை வந்துகொண்டிருந்தது.

காய்ந்த கொள்ளுக் கொடி எரிகிற வேகத்தை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். மண்ணை அள்ளி வீசினார்கள், வேப்பங்கிளையை ஒடித்து அடித்தார்கள், டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். யாருக்கும் காயம் இல்லை. கார் போனது. எங்கள் கொடி முழுவதும் போனது. காற்று அந்தப் பக்கம் அடித்ததால் அத்தையின் கொடியும் போனது. ஒரு வருஷ வெள்ளாமை கால் மணி நேரத்தில் முடிந்தது.

சாயங்காலம் ஊர் கூடியது. பட்டறையிலேயே அரை நாள் உட்கார்ந்திருந்தால் நடந்திருக்காது, அய்யா கேட்டபோது ஏறாது என்று சொல்லியிருந்தால் நடந்திருக்காது, வாயை அடக்கியிருந்தாலும் நடந்திருக்காது. இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போது அய்யா எழுந்து நின்றார்.

"அவன் ஏறாதுன்னுதான் சொன்னான். நாந்தான் ஒத்தக்கால்ல நின்னு ஏறச் சொன்னேன். தப்பு என்னோடது."

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. அப்போதும் எனக்கு வந்தது கோபம்தான். என்னைச் சின்னப் பிள்ளை மாதிரி முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறாரே என்கிற கோபம். அந்தக் கோபத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். அந்த மாதமே அய்யா அபிராமம் சந்தையில் கொள்ளு வாங்கி, அத்தை வீட்டில் இறக்கிவிட்டு வந்தார்.

அடுத்த தையில் ரோட்டை அளக்க அய்யாவைக் கூப்பிடவில்லை. வேறொருவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். போனில் அதைக் கேட்டபோது என் கையில் இருந்த ஸ்பானரைச் சுவரில் எறிந்தேன். ஒரு தீ விபத்துக்காக இத்தனை வருஷ மனிதரைத் தூக்கி எறிகிற ஊர் என்ன ஊர், இவர்கள் சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறார்களா என்று கத்தினேன். அய்யா அந்தப் பக்கம், சரி விடு, வேலையைப் பார் என்றார். அதற்குப் பிறகு தை மாதத்தில் நான் ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பொங்கலுக்குக்கூட அய்யாவைத்தான் இங்கே வரவழைத்தேன். நாலு வருஷம் இப்படிப் போனது. ஊர் மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு நான் நன்றாகத் தீனி போட்டு வளர்த்தேன். அது இருக்கிற வரைக்கும் என் மேல் கோபப்பட வேண்டிய அவசியம் வரவில்லை.

இந்த வருஷம் அய்யாவுக்கு முழங்கால் வலி. கொடியைச் சுமக்க ஆள் இல்லை என்று பைக்கில் போனேன். நான் போன காலையில் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். அய்யா ஓரமாகத் தன் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைக்கச் சொல்வார்கள் என்று நின்றுகொண்டிருந்தார். அந்தக் கல்லைப் பார்த்ததும் எனக்குக் கண் மண் தெரியவில்லை. ரோட்டு நடுவில் போய் டேப்பை மிதித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு ஏறும் என்று சொன்னவன் நான்தான், என் தடித்தனத்தால்தான் எரிந்தது, அய்யா என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னார், தப்புச் செய்யாத மனிதரை இப்படி நிறுத்தி வைத்திருக்கிறீர்களே என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். நாலு வருஷப் பாரம் இறங்கியது போல் இருந்தது. எல்லோரும் தலைகுனிவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அத்தைதான் பேசினார்.

"மருமகனே, அது எங்களுக்குத் தெரியாதாக்கும்? அண்ணன் ஏறுமான்னு கேட்டதும் நீ ஏறும்னதும் அங்கன நின்ன அத்தன பேர் காதுலயும்தான் விழுந்துச்சு. வண்டி எரிஞ்சதுக்கா அவர விட்டோம்? ரோட்ட அளந்து குடுக்குற மனுசன் எங்க மொகத்தப் பாத்துப் பொய் சொல்லிட்டாரே. நாளப்பின்ன அதே மகனுக்காக ஒரு தப்படி தள்ளிப் போட மாட்டாருன்னு எத வச்சு நம்புறது?"

தீப்பிடித்த அன்று சாயங்காலம் நான் எழுந்து, அய்யா சொல்வது பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அய்யாவின் தப்படி அவரிடமே இருந்திருக்கும். டேப்பின் மேல் இருந்து காலை எடுத்தேன். அளந்தவர் மறுபடி இழுத்துப் பிடித்து, எங்களுக்கு ஓர் இடம் காட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அய்யா அங்கே கல்லை வைத்தார்.

கொடிச் சுமையை இறக்கிப் போடும்போது அய்யா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவுகளுக்குத் தெரியும்னு எனக்கு அன்னைக்கே தெரியும்லே" என்றார். "ஒனக்குத் தெரிய வேணாம்னுதான் நாலு வருசமா வாயத் தொறக்காம கெடந்தேன்."

மூடுவதற்குக் கொண்டுவந்திருந்த தார்ப்பாயை ரோட்டோரத்தில் போட்டு, காற்றுக்குப் பறக்காமல் மூலைக்கு ஒன்றாகக் கனமாக எதையோ எடுத்து வைத்தார். எரிந்த டிக்கியில் இருந்து எடுத்த என் பழைய ஸ்பிரிங்குகள். தீயில் கறுத்துப் போயிருந்தன, மற்றபடி ஒன்றும் ஆகவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு அய்யா எங்கள் பங்கின் ஒரு முனையில் இருந்து நடக்க ஆரம்பித்தார். முழங்கால் வலியோடு தப்படி போட்டு, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே போனார். எனக்கு அவர் என்ன செய்கிறார் என்று புரிந்தது. குறைந்திருக்க வேண்டும், இரண்டு தப்படியாவது குறைந்திருக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். குறைந்திருந்தால் போய் அவர்களின் சட்டையைப் பிடிக்கலாம். அய்யா மறுமுனைக் கல்லைத் தொட்டுவிட்டு நிமிர்ந்து மேலே பார்த்தார். நிழல் இல்லை. பாலத்துப் பக்கத்து நல்ல வெயில் பங்கைத்தான் எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள்.

"சரியாத்தான்லே இருக்கு" என்றார். "விரி."